அண்ணி தாராளமாகப் பசை போட்ட வருஷம்

என் கணவரின் அக்காவை எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் என்று நான் சொல்வது புறணி இல்லை, உண்மை. பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து உள்ளே வழித்தெடுப்பார். விருந்தாளியின் தேநீரில் சர்க்கரையைக் குறைத்துவிட்டு, "உடம்புக்கு நல்லதில்ல" என்பார். யார் உடம்புக்கு அண்ணி, அவருக்கா, உங்க சர்க்கரை டப்பாவுக்கா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பள்ளிக்கூட வயதிலேயே அச்சகத்தில் ஒட்டு வேலைக்குப் போனவர் அவர். தம்பியைப் படிக்க வைத்ததும் அந்தப் பசைக் கைதான். அதனால் அவருடைய கஞ்சத்தனத்தில் பாதியை நான் மன்னித்துவிட்டேன். மீதிப் பாதிக்கு என் வாய் இருக்கிறது.

வருஷக் கடைசியில் அவர் மேஜைக்கு விடுமுறைக் காலண்டர் வரும். மேல்தாளில் தேதிக்கு ஒரு குட்டிக் கதவு, அடித்தாளில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு படம். பிள்ளைகள் தினம் ஒரு கதவைத் திறப்பார்கள். கடைசிக் கதவைத் திறந்தால் விடுமுறை. இரண்டு தாளையும் ஒட்டும்போது பசை கதவுகளுக்கு நடுவில் மட்டும், நூல் மாதிரி ஓட வேண்டும். கஞ்சத்தனம் உதவுகிற வேலை உலகத்தில் இது ஒன்றுதான்.

காலண்டர் விற்கிற பணம் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகும். அங்கே 'விளையாட்டு அக்கா' என்று ஒரு பெண் கையில் துணிப்பொம்மையை மாட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாக வருவாள். அவளுக்குச் சம்பளம் இந்தக் காலண்டரிலிருந்துதான். காலண்டர் இல்லையென்றால் அவளும் இல்லை. போன வருஷம் காலண்டர் ஒட்டுகிற சமயத்தில், கால் ஆபரேஷன் முடிந்து எங்கள் வாலு அங்கேதான் கிடந்தாள். வாலு என் மகள். பெயருக்கு ஏற்ற பிள்ளை. விளையாட்டு அக்கா பக்கத்தில் இருந்தால்தான் கட்டுப் பிரிக்க விடுவாள். இல்லாவிட்டால் கூரை பறக்கும்.

"நம்ம பிள்ளை இருக்கிற வார்டு. ஒரு காலண்டர்கூடப் பிரிஞ்சு வரக்கூடாது" என்று அண்ணி பிறந்ததிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தார். தாராளமாகப் பசை போட்டார். அடுக்கி மேலே பாரமும் ஏற்றினார். பசை கதவுகளுக்கு அடியிலும் கசிந்துவிட்டது. காலையில் ஒன்றை எடுத்துத் திறந்து பார்த்தார். நகம்தான் உடைந்தது. இன்னொன்றை இழுத்தார், கதவு கிழிந்து கையோடு வந்தது. அடுக்கில் எதை எடுத்தாலும் அதே கதைதான்.

"திரும்ப அச்சடிக்க நேரமில்லம்மா. இந்த வருஷம் காலண்டர் இல்லன்னு ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடலாம்" என்றார் முதலாளி.

"நான் பண்ணின கூத்து. நானே போய்ச் சொல்றேன்" என்றார் அண்ணி.

ஒரு காலண்டரை எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் என் வாய்தான் முந்திக்கொண்டது.

"இத்தனை வருஷம் கஞ்சம் பிடிச்சீங்களே, இன்னும் ஒரு வருஷம் பிடிச்சிருக்கக் கூடாதா அண்ணி?"

"திட்டும்மா, நல்லாத் திட்டு" என்றார். நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

விளையாட்டு அக்கா, "பரவாயில்லைங்க, வேணும்னேவா செஞ்சீங்க" என்றாள். கையிலிருந்த பொம்மையின் தலை மட்டும் தொங்கிப்போயிற்று.

இதற்குள் காலண்டர் வாலுவின் கைக்குப் போயிருந்தது. நகத்தால் நோண்டினாள், பல்லால் கடித்தாள். கோபம் வந்து, கட்டில் கம்பியின் மேல் வைத்து முன்னும் பின்னுமாக வளைத்தாள். படபடவென்று சத்தம்.

"ஐயோ, கிழிக்காதடி!" என்று பாய்ந்தேன்.

கிழியவில்லை. ஒரு கதவு லேசாக மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. கதவுக்கு அடியில் கசிந்த பசை மெல்லிசாகக் காய்ந்திருந்ததால் வளைத்ததும் நொறுங்கிவிட்டது. நடுவில் தடியாக ஓடிய பசை தாள்களை விடவில்லை. அண்ணி ஓடிவந்தார்.

"எங்க, இன்னொரு தடவை செய்!"

"அடிக்க மாட்டீங்களே அத்தை?"

"அடிக்கிறதா? உன்னைத் தலைமேல வச்சுக் கூத்தாடுவேன், வளைடி கண்ணு!"

அடுத்த நிமிஷம் அண்ணி அங்கே இல்லை. கைப்பை என் மடியில் கிடந்தது. பையை விட்டுவிட்டுப் போகிற ஆளா அவர்! கணவரை வாலுவுக்குத் துணை வைத்துவிட்டு நானும் அச்சகத்துக்குப் போனேன். மேஜை விளிம்பில் வைத்து ஒவ்வொன்றாக வளைத்தோம். முதலாளியும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். மணிக்கட்டு வீங்கிப்போனாலும் காலண்டர்கள் நாள் தவறாமல் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. 'திறக்காவிட்டால் ஒருமுறை வளைக்கவும்' என்று ஒரு சீட்டும் கூடவே போயிற்று. அந்தச் சீட்டுக்காகவே வாங்கினவர்கள் உண்டு. ஒன்றுகூட மிஞ்சவில்லை, விளையாட்டு அக்காவின் வேலையும் நிலைத்தது.

அண்ணியும் ஒன்று வாங்கினார். முழு விலை கொடுத்து. என் கண்ணால் பார்த்தேன், இல்லாவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். வாலுவின் தலைமாட்டில் மாட்டி, தினம் ஒரு கதவாகத் திறக்க வைத்தார்.

விடுமுறைக்கு முதல் நாள் வாலுவை வீட்டுக்கு அனுப்பினார்கள். கோலை ஊன்றித் தானே நடந்தாள். பக்கத்துக் கட்டிலில் அன்றுதான் சேர்ந்த ஒரு குட்டிப்பெண், பொம்மையை நீட்டியும் விளையாட்டு அக்காவைப் பார்க்காமல் விசும்பிக்கொண்டிருந்தாள். வாலு தன் காலண்டரைக் கழற்றி அவள் போர்வைமேல் வைத்தாள்.

"கடைசிக் கதவு இன்னும் திறக்கல. நாளைக்கு நீ திற. வரலன்னா நல்லா வளை. எங்க அத்தை போட்ட பசை."

அந்தப் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுக் காலண்டரைத் திருப்பிப் பார்த்தது. விளையாட்டு அக்காவின் பொம்மை வாலுவுக்குத் தலைவணங்கியது.

"முழு விலை கொடுத்தேன்" என்று அண்ணி என் காதில் முனகினார்.

"போய்த் திரும்ப வாங்கிட்டு வரட்டுமா அண்ணி?"

"வாயை மூடு" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வாலுவின் பையைத் தூக்கிக்கொண்டார்.