சாய்க்காத ஒரு சில்லு

ஷிராஸ் நகரத்தில் தொழுகைக் கூடங்களின் சுவரில் கண்ணாடிச் சில்லு பதிக்கிறவர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்தச் சில்லையும் நேராகப் பதிக்கமாட்டார்கள். ஒரு மயிரிழையாவது சாய்த்துத்தான் வைப்பார்கள். தொழ வந்தவன் ஒளியைப் பார்க்கட்டும், தன் மூஞ்சியை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர்கள் கட்சி.

தூரான், தலைமைக் கைவினைஞரான உஸ்தாத் ஹஷ்மத்தின் பட்டறையில் காலமெல்லாம் இப்படிச் சாய்த்துக்கொண்டிருந்தவள். அந்தக் குளிர்காலத்தில் வந்த வேலை, ஆளுயர ஆறுபட்டைத் தூண். கிட்டே போனால் நம் சட்டை நிறம் துணுக்குத் துணுக்காகச் சிதறும். தூணுக்குள்ளே கூடம் கூடமாகத் திறந்துகொண்டே போவதுபோல் இருக்கும். எந்தக் கூடத்திலும் நாம் இருக்கமாட்டோம். அது கண்காட்சிக்காக ஹாம்பர்க் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து தூரானுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் மகள் கோல்நார் இருப்பது அந்த ஊரில்தான்.

மணமுறிவுக்குப் பிறகு தகப்பன் கூட்டிக்கொண்டு போனபோது கோல்நாருக்குப் பதின்மூன்று வயது. தூரான் விசா கேட்டுப் போய் இரண்டு தடவை மூக்குடைபட்டுத் திரும்பினாள். வெள்ளிக்கிழமைதோறும் போனில் முகம் பார்ப்பதோடு சரி. அது முகமா, வெறும் வெளிச்சம். தன் கை பட்ட ஒன்றில் மகளின் முகம் ஒரே ஒருமுறை முழுசாக விழவேண்டும் என்று அவள் ஏங்கினாள்.

ஆகவே உள்ளங்கை அகலச் சில்லு ஒன்றைச் சாய்க்காமல் பதித்தாள். எந்த உயரத்தில் பதிப்பது என்பதுதான் குழப்பியது. விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தபோது மகளின் நெற்றி தன் மோவாயில் இடித்தது ஞாபகம் இருந்தது. எவ்வளவு வளர்ந்திருக்கிறாய் என்று கேட்டால், பெற்றவளுக்கே தெரியவில்லை என்று ஆகிவிடுமே. கேட்க மனம் வரவில்லை. குத்துமதிப்பாக நாலு விரல் கூட்டி வைத்தாள்.

உஸ்தாத் விளக்கைப் பிடித்ததும் குட்டு வெளிப்பட்டது.

"என்ன பண்ணி வச்சிருக்கே தூரான்? என் மீசை அப்படியே தெரியுது! நாம என்ன சலூனுக்கா செய்றோம்?"

"அந்த ஊர்ல என் பொண்ணு இருக்கா உஸ்தாத்."

"இருந்தா?"

"அவ வந்து பார்ப்பா. அவ மூஞ்சிய உடைக்க எனக்குக் கை வரல."

உஸ்தாத் வாய்க்குள்ளேயே திட்டினார். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்சினார். பிறகு விளக்கை அடுத்த பட்டைக்குத் திருப்பினார்.

"கண்ணுல புரை வேற. ஒரு எழவும் தெரிய மாட்டேங்குது" என்றார்.

தூண் போய்ச் சேர்ந்தது. சில்லைப் பற்றி மூச்சு விடாமல், "போய்ப் பாரு, எல்லாப் பக்கமும் பாரு" என்று மட்டும் மகளிடம் சொல்லியிருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை கோல்நார் கூப்பிட்டாள்.

"அம்மா, சுத்திச் சுத்தி வந்தேன். ஒண்ணுலயும் நான் இல்ல. அழுகையே வந்துடுச்சு. அப்புறம் ஒரே ஒரு சில்லு..."

"தெரிஞ்சுதா? முழுசா?"

"முழுசா தெரிஞ்சுதும்மா. குனிஞ்சு பார்த்தேன்."

"எதுக்கடி குனியணும்?"

"நான் இப்ப அப்பா உயரம்மா."

தூரான் சிரித்தாள், பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நொடிதான் உறைத்தது. இத்தனை வருடமும் மேஜையில் சாய்த்துவைத்த போனை நோக்கிக் குனிந்து, அவள் ஒரு சிறுமியோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இரு கண்ணு, ஒரு நிமிஷம்" என்று எழுந்தாள். போனை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "இப்பச் சொல்லு" என்றாள்.