லார்க் குன்றுப் பெட்டி

ஆலிவ் எண்டகாட் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இங்கிலாந்தில் டார்ட்மூர் என்கிற பொட்டல்வெளியின் ஓரத்து எங்கள் ஊர்ச் சந்துகளில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். ஆலிவ் பின்னால் எடுத்து நான் பார்த்ததே இல்லை. ஒருமுறை பால் லாரியின் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துவிட்டு, "உன் கண்ணாடி ஏன்யா இவ்வளவு வெளியே நீட்டிக்கிட்டிருக்கு?" என்று அந்த லாரிக்காரனையே கேட்டாள். பாவம், அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான்.

அவள் புருஷன் வில்ஃப் பக்கவாதம் வந்து நாற்காலியோடு முடங்கியவர். வார நாட்களில் நர்ஸ் வருவாள். ஞாயிற்றுக்கிழமை ஆலிவ் மட்டும்தான். "மத்தியானம் கொஞ்ச நேரம் எங்கயாவது போய்த் தொலைடி. உன் மூஞ்சியவே பார்த்துக்கிட்டிருந்தா எனக்கு இன்னொரு வாதம் வந்துடும்" என்று அவர்தான் விரட்டினார். ஒவ்வொரு சொல்லாகத்தான் அவருக்கு வாயில் வரும், ஆனால் வந்த சொல் சுருக்கென்று குத்தும். அப்படித்தான் அடுத்த வீட்டுக்காரியான நான் அவளை லெட்டர்பாக்ஸ் தேடக் கூட்டிப்போக ஆரம்பித்தேன்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. அந்தப் பொட்டல்வெளியில் ஏதோ ஒரு பாறை இடுக்கில் யாரோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்திருப்பார்கள். உள்ளே ஒரு ரப்பர் முத்திரை, ஒரு நோட்டு. கண்டுபிடித்தால் அந்த முத்திரையை நம் புத்தகத்தில் குத்திக்கொண்டு, நம் முத்திரையை அந்த நோட்டில் குத்திவிட்டு, டப்பாவை இருந்த மாதிரியே மறைத்துவிட்டு வர வேண்டும். ஆலிவ் தனக்கென்று ஒரு பெரிய அழிரப்பரில் பேருந்துப் படமும் பெயரும் செதுக்கினாள். குத்திப் பார்த்தால் பெயர் கண்ணாடியில் பார்ப்பது போல் இடவலமாகத் திரும்பி விழுந்தது. "அப்படித்தான் வரணும்னு செஞ்சேன்" என்றாள், சிரிக்காமல்.

டப்பா இருக்கும் இடத்தைச் சொல்லும் குறிப்புகளில் ஒரு வில்லங்கம் உண்டு. 'லார்க் குன்று, நாற்பது டிகிரி' என்று எழுதியிருந்தால், டப்பா இருக்கும் இடத்தில் நின்று பார்த்தால் குன்று வடகிழக்கே தெரியும் என்று அர்த்தம். ஆக, டப்பா குன்றுக்குத் தென்மேற்கே. புதிதாக வருகிறவர்கள் குன்றில் ஏறி நின்றுகொண்டு நாற்பது டிகிரியைப் பார்த்து நடையைக் கட்டுவார்கள். நேர் எதிர்ப்பக்கம் போய் நாள் முழுக்கப் பாறையைப் புரட்டுவார்கள். இதை ஆலிவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன். "தெரியும், தெரியும், பாடம் நடத்தாதே" என்றாள்.

அந்த நவம்பர் ஞாயிறு, தானே வழிநடத்திப் போவதாக அடம்பிடித்தாள். திசை பார்க்கும் தன் காம்பஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என்னுடையதை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னாள். "ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர் எதுக்குடி தெல்மா?" வில்ஃபை நாற்காலியில் உட்காரவைத்து, குளிர்காயும் அடுப்பில் கரி அள்ளிப்போட்டு, பிளாஸ்கில் டீ வைத்துவிட்டு, "இருட்டறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிப் புறப்பட்டாள்.

லார்க் குன்றின் உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. பாறை மறைவில் குனிந்து நான் பூட்ஸ் கயிறு கட்டி நிமிர்வதற்குள் மூடுபனி வந்துவிட்டது. ஆலிவ் அதற்குள் கீழே இறங்கத் தொடங்கியிருந்தாள். அவள் தொப்பியின் சிவப்பு மட்டும் தெரிந்தது. எந்தப் பக்கம் இறங்குகிறோம் என்று பார்க்க எனக்கு நேரமில்லை, அந்தச் சிவப்பைத் துரத்தி ஓடினேன்.

வெகுநேரம் தேடினோம். பாறை பாறையாகக் கைவிட்டுத் துழாவினோம். டப்பா இல்லை. வெளிச்சம் மங்க ஆரம்பித்தது.

"போதும், வா. மேற்கே கொஞ்சம் நடந்தா ரோடு" என்றாள் ஆலிவ்.

குன்றுக்குத் தென்மேற்கே நிற்கிறோமென்றால் அவள் சொல்வது சரி, சாலை பக்கத்தில்தான். வடகிழக்கே நிற்கிறோமென்றால் மேற்கே இருப்பது கருஞ்சதுப்பு. போன வருஷம் ஒரு குதிரை முழுசாக அதற்குள் போனது.

"ஆலிவ், உச்சியிலேர்ந்து எந்தப் பக்கம் இறங்குனே?"

"குறிப்புல என்ன போட்டிருந்துச்சோ அந்தப் பக்கம்."

"நாற்பதுக்கா, அதுக்கு எதிர்லயா?"

"ஏன், எனக்குப் படிக்கத் தெரியாதா?"

"தெரியும்டி. எதிர்லயா இறங்குனே, சொல்லு."

"சரியாத்தான் இறங்குனேன். டப்பாவ எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்."

நான் கோட்டைக் கழற்றி உட்புறம் வெளியே வரும்படி மாட்டிக்கொண்டேன். குட்டிச்சாத்தான்கள் வழி கெடுத்தால் எங்கள் பக்கம் செய்வது அது. வேறென்ன செய்ய, எனக்குப் பயமாக இருந்தது. ஆலிவ் அதைப் பார்த்து, "பைத்தியம்" என்று சொல்லிவிட்டு மேற்கே நடந்தாள்.

காலடியில் நிலம் மெத்தை போல ஆடியது. "நில்லு!" என்று கத்தினேன். அவள் இன்னும் ஓர் அடி வைத்தாள். தொடை வரைக்கும் உள்ளே போனாள்.

நான் கோட்டைக் கழற்றி, குப்புறப் படுத்து, அதன் ஒரு கையை வீசினேன். பிடித்துக்கொண்டாள். இழுக்க இழுக்க என் தோள் கழன்று வந்துவிடும் போலிருந்தது. ஒருவழியாகத் தரைக்கு வந்து விழுந்தாள், ஒரு கால் பூட்ஸ் இல்லாமல். எனக்கு வந்த கோபத்தில் அவளைத் திரும்ப உள்ளே தள்ளிவிடலாமா என்றிருந்தது.

"இப்பவாவது சொல்லித்தொலை. எந்தப் பக்கம்?"

பூட்ஸ் இல்லாத காலிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நிற்கும் புல்கூடத் தெரியாத அளவுக்கு இருட்டிக்கொண்டு வந்தது.

"அடுப்பு அணைஞ்சிருக்கும், ஆலிவ். வில்ஃப் தானே கரி போடலாம்னு எழுந்திருப்பாரு. உனக்குத் தெரியும், அவரு சும்மா உட்காரமாட்டாரு. விடியற வரைக்கும் அந்த வீட்டுக் கதவ யாரும் தட்டப்போறதில்ல."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். சேறு படிந்த விரல்களுக்கு நடுவிலிருந்து சொன்னாள்:

"நாற்பதுக்கு நேராத்தான் இறங்குனேன். தப்பாப் படிச்சுட்டேன்."

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவள் கழுத்துக் காம்பஸை வாங்கி, இருட்டில் ஒளிரும் அதன் முள்ளைப் பார்த்து, தென்மேற்கே திரும்பினேன். அவளுடைய ஈரக் காலில் என் மப்ளரைச் சுற்றி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். நிலம் மெல்ல ஏறியது. பாறையில் முட்டியை இடித்துக்கொண்டபோதுதான் குன்றுக்கு வந்துவிட்டது தெரிந்தது. அந்த வலி அவ்வளவு இனிப்பாக இருந்தது. அங்கிருந்து மறுபக்கம் இறங்கிச் சாலையைப் பிடித்தோம்.

வீட்டில் விளக்கில்லை. கதவைத் திறந்தால் குகை போலக் குளிர். வில்ஃப் அடுப்புக்கு முன்னால் தரையில் விழுந்து கிடந்தார், கரிவாளி கவிழ்ந்து பக்கத்தில். ஆலிவ் சேறும் சகதியுமாக அப்படியே அவர்மேல் போய் விழுந்தாள்.

"எங்கடி... போய்த்... தொலைஞ்சே?" என்றார் வில்ஃப்.

எனக்கு உயிர் வந்தது. பால் லாரிக்காரன்மேல் பழியைப் போட்டது போல் அவர்மேலும் போடப்போகிறாள், ஏன் எழுந்தாய் என்று பாயப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"தப்பு என்மேலதான், வில்ஃப். குறிப்பத் தப்பாப் படிச்சுட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு அசைந்தது.

"இன்னொரு... தடவ... சொல்லு."

அவள் சொன்னாள். அவருடைய விறைத்த கைகளைத் தன் ஸ்வெட்டருக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் போதும் என்று சொல்லவே இல்லை. நான் சிதறிய கரியைப் பொறுக்கி அடுப்பில் போட்டேன். தீக்குச்சியைக் கிழித்துப் பற்றவைத்தேன்.