மலை சரியாது என்ற வாதம்

பக்கத்து வீட்டுப் பிள்ளை சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கிறாள். நேற்று மழையோடு மழையாக வந்து மாதிரி வினாத்தாளை நீட்டினாள். 'இரண்டு முறை வெள்ள எச்சரிக்கை வந்தது, வெள்ளம் வரவில்லை. ஆகவே இம்முறையும் வராது. இவ்வாதத்தின் பிழை யாது?' ஈரத்தாளின் வாசனையோ, கேள்வியோ, எனக்கு வாசுகியின் ஞாபகம் வந்துவிட்டது.

வாசுகி என் லயத்துக்காரி; தோட்டத் தொழிலாளர்களின் ஒரே வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இதே பரீட்சைக்காக இருவரும் அப்போது சனிக்கிழமைகளில் பதுளைக்கு வகுப்புக்குப் போவோம். பஸ்ஸில் யார் எதைப் பேசினாலும் பிழை பிடிப்பதுதான் அவளுக்கு வேலை. பப்பாசி இலைச்சாறு குடித்துக் காய்ச்சல் விட்டதாக ஒருவர் சொன்னால், "குடிக்காட்டியும் விட்டிருக்கும்ல?" என்று என் காதைக் கடிப்பாள். எனக்கு அது விளங்குவதற்குள் பசறை வந்துவிடும்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது, எல்லோரும் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவரும் அசையவில்லை. வாசுகியின் அப்பாதான் கோயில் தலைவர். லயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"ரெண்டு வாட்டி போயி கொசுக்கடியில கெடந்தோம். மல சரிஞ்சிச்சா? இந்த வாட்டியும் சரியாது."

வகுப்பில் படித்த அதே பிழை, அச்சு அசலாக! அப்போது மழை நின்றதால்தான் தப்பினோம், மலை உறுதியாக இருந்ததால் அல்ல என்று வாசுகி பொறுமையாக எடுத்துச் சொன்னாள். படிச்ச திமிரு என்று அவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

அவள் ஒழுகும் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"சரிப்பா, நாம இங்கயே இருப்போம். கோயில் ஒழுகுது, ஆத்தா நனையிறா. அவள மட்டும் ஸ்கூல்ல வச்சிட்டு வந்துருவோம்."

இதை எந்தக் கோயில் தலைவர் மறுப்பார்? அம்மன் வெளியே கிளம்பினால் தப்புப் பறை அடிக்க வேண்டும். தப்புச் சத்தம் கேட்டபின் எங்கள் லயத்தில் யாருக்கு வீட்டில் கால் தரிக்கும்? கைக்குழந்தை, நோயாளி என்று எல்லோரும் பொலித்தீனைத் தலையில் பிடித்துக்கொண்டு பின்னால் வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இறக்கி வைத்தபின் ஆத்தாளைத் தனியே விட்டுப்போக யாருக்கும் மனமில்லை. பொங்கல் பானை ஏறியது.

"ஆத்தாளே எறங்கிட்டா. காரணம் இல்லாம எறங்குவாளா? யாரும் மேல போகாதீங்க" என்றார் வாசுகியின் அப்பா.

நான் வாசுகியைக் கிள்ளினேன். நாம்தானே தூக்கி வந்தோம், இதில் பிழை இல்லையா என்று கேட்டேன்.

"இருக்கு. மழ விட்டதும் சொல்றேன். இப்ப வாயத் தொறக்காத."

மறுநாள் காலை, எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மலை இறங்கியது. சத்தம் அடங்கியபின் பார்த்தால் லயம் இருந்த இடத்தில் வெறும் சிவப்பு மண். ஓர் உயிர்கூடப் போகவில்லை. எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். நான் வாசுகியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாடி, இப்படியும் ஒரு மூளையா!

அவள் இன்று பதுளையில் வழக்கறிஞர். நான் பரீட்சையில் தேறவில்லை, அதில் ஆச்சரியமும் இல்லை. லயமும் கோயிலும் போய்விட்டன. பின்னால் நின்ற கொய்யா மரமும் போய்விட்டது. அங்கே இப்போது மானாப்புல்தான். ஆத்தாதான் முன்னால் இறங்கி எங்களைக் காப்பாற்றினாள் என்று வாசுகியின் அப்பா ஒவ்வொரு திருவிழாவிலும் சொல்கிறார். யார் பேச்சையும் சும்மா விடாத வாசுகி, பக்கத்தில் நின்று தலையாட்டுகிறாள்.