திருத்தணி பஸ்ஸில் ஒரு பாலைவனம்

இன்னைக்கு சாயங்காலம் திருத்தணியில நகரி பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து போன்ல மெக்சிகோ பாத்துகினு வந்தேன். யாரோ ஒருத்தர் கார்ல போய்க்கினே எடுத்த வீடியோ. கடலுக்குள்ள நாக்கு நீட்டின மாதிரி ஒரு நிலம். நடுவுல பாலைவனம், ரெண்டு பக்கமும் தண்ணி.

பக்கத்துல ஒரு அம்மா. மலையில மொட்டை போட்டு வந்த தலையில சந்தனம் இன்னும் காயல. அவங்களும் எட்டிப் பாத்தாங்க.

"துபாயாம்மா?"

"இல்லங்க, மெக்சிகோ."

"என் பையன் துபாய்ல தான் கீறான். அங்கயும் மணலு, கடலு ரெண்டும் கீதாம். வீடியோ கால்ல ரூம் செவுத்தத் தான் காட்டுவான்."

போனை அவங்க பக்கம் திருப்பிப் பிடிச்சேன். அப்புறம் ரெண்டு பேருமா சேர்ந்து பாத்தோம்.

வீடியோல அமெரிக்கா எல்லை ஊர் ஒண்ணு வந்துச்சு. வேலி அப்படியே கடலுக்குள்ள இறங்கிப் போச்சு. கள்ளிச்செடி, கடற்கரை, மறுபடியும் கள்ளிச்செடி. திடீர்னு அந்த மணலுக்கு நடுவுல, எப்பவோ பாதிரிமார் கட்டின வெள்ளைக் கோயில் ஒண்ணு தனியா நின்னுச்சு.

பஸ்ல போகும்போது கோபுரம் தெரிஞ்சா செய்வோமே, அதே மாதிரி அந்தம்மா சட்டுனு கன்னத்துல போட்டுக்கினாங்க.

"அது மாதா கோயிலுங்க."

"இருக்கட்டும்மா. மணல்ல கீற சாமிக்குத் தெரியாதா, மணல்ல கீறவன் கஷ்டம்?"

நிமிர்ந்து பாத்தா வெளியில போர்டெல்லாம் தெலுங்கு. ஆந்திரா எல்லைக்கு இந்தப் பக்கமே நான் இறங்க வேண்டிய பொன்பாடி எப்பவோ போயிடுச்சு.

இப்ப நகரியில திரும்புற பஸ்ஸுக்கு நின்னுகினு இதை எழுதுறேன். மெக்சிகோ பக்கம் யாராவது போனா, அந்தக் கோயில் கதவு திறந்திருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. துபாய்க்குக் கிளம்பின எங்க ஊரு வேண்டுதல் ஒண்ணு அங்க போயிருக்கு.