மரக்காணத்தில் பிடித்த காய்ச்சல்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் இன்று நாலு லாரிக்கு முதலாளி. நோய் என்று ஒருநாள் படுத்ததில்லை. கடல் பார்க்க வேண்டும் என்ற மனைவியின் பலவருட ஆசைக்காகப் பாண்டிச்சேரி கிளம்பினால், மரக்காணம் வருவதற்குள் உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. டிரைவரிடம் சொல்லி, உப்பளத்தை ஒட்டிய டீக்கடையில் காரை நிறுத்துகிறோம். "வீட்டுக்கே திரும்பிடலாம்" என்கிறேன். அவள் முகம் சுருங்கிப் போகிறது.

எதிரே பெண்கள் உப்புக்கூடையைத் தலையில் வைத்து, ஆடுகிற பலகை மேல் நடந்து லாரியில் ஏறுகிறார்கள். ஒரு கல் உப்பு சிந்தவில்லை. மூட்டை தூக்கியே முன்னுக்கு வந்தவன் நான். அந்த நடை எனக்கே வந்ததில்லை.

டீ குடிக்க வந்த உப்பளத்துப் பெண்ணிடம் மனைவி புலம்புகிறாள்: "பாண்டியில கடல் பாக்கக் கிளம்பினோம். நாலு லாரி வச்சு ஓயாம ஓடுற மனுஷன், லீவுன்னதும் ஜுரம் வந்துடுச்சு இவருக்கு."

"எங்களுக்கும் அப்படித்தாம்மா. மழை வந்து அளத்தை மூடினா மறுநாளே ஜுரம்."

"அப்போ என்ன செய்வீங்க?" என்கிறேன்.

"படுத்துக்குவோம். வேல இருக்கச்சே படுக்க முடியுமா? ஏன்யா, நீங்க படுத்தா லாரி ஓடாதா?"

"ஓடும்."

"அப்புறம் என்னா? பாண்டியில போய்ப் படுங்க. அம்மா கடலைப் பாக்கட்டும்."

"பாண்டிக்கே விடுப்பா" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் படுக்கிறேன். மனைவி முன்சீட்டுக்கு மாறிக் கண்ணாடியை இறக்குகிறாள்.