அம்மா மைக்கில் வாசித்த கடன் ரத்துப் படிவம்

உங்கள் அம்மா வருமான வரிப் படிவத்தைச் சர்ச் மைக்கில் வாசித்ததுண்டா? என் அம்மா வாசித்தாள். முழுத் தொகையோடு, சென்ட் உட்பட.

கொஞ்சம் பின்னால் போகிறேன். அப்பா நியூஜெர்சியில் வங்கிகளுக்குக் கான்ட்ராக்டில் மென்பொருள் வேலை பார்க்கிறவர். ஒரு கான்ட்ராக்ட் முடிந்து அடுத்தது கிடைக்க எட்டு மாதம் ஆகிவிட்டது. வீட்டுக்கடன் தவணை நின்றது. வீடே போய்விடும் என்ற நிலையில் கடன் கம்பெனியோடு மன்றாடி, கட்டாத தவணைகளை மொத்தமாகக் கடனின் கடைசிக்குத் தள்ளிவைக்கச் செய்தார். வேலை கிடைத்ததும் மறுபடி கட்ட ஆரம்பித்தார். நடுவில் அந்தக் கம்பெனி எங்கள் கடனை வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டது. இங்கே இது சகஜம். நம்மை யாரும் கேட்கமாட்டார்கள், பணம் அனுப்பும் முகவரி மட்டும் மாறும்.

ஜனவரி கடைசியில் பழைய கம்பெனியிடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே 1099-சி என்று ஒற்றைத் தாள். தலைப்பிலேயே கடன் ரத்து என்று போட்டிருந்தது. கீழே கட்டத்துக்குள் ஒரு பெரிய தொகை.

அம்மா பாளையங்கோட்டைக்காரி. ஊரில் நகைக்கடன் தள்ளுபடி, பயிர்க்கடன் தள்ளுபடி என்று அறிவிப்பு வரும். பட்டியலில் பெயர் இருந்தால் ஸ்வீட் வாங்க வேண்டியதுதான். ரத்து என்று அச்சடித்த தாளை அவள் வேறு எப்படிப் படிப்பாள்? காலேஜ் முடித்து ஜெர்சி சிட்டியில் வேலைக்குப் போகும் புத்திசாலியான நானும் அப்படியேதான் படித்தேன். அவள் அனுப்பிய போட்டோவுக்குப் பதிலாக மூன்று பட்டாசு ஸ்டிக்கர் போட்டேன்.

எங்கள் தமிழ்ச் சபை சனிக்கிழமை மாலை ஒரு அமெரிக்கச் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடும். பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் சாட்சி நேரம். கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சொல்ல வேண்டும். வழக்கமாக விசா வந்தது, பித்தப்பைக் கல் கரைந்தது என்றுதான் போகும். அன்று அம்மா கடனையே கரைத்தாள். சபை முழுக்க அல்லேலூயா. ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பிரியாணி வரிசையில் ஒரு ஆண்ட்டி அம்மாவிடம் அந்தத் தாளைக் கேட்டார். வரி சீசனில் சபையில் பாதிப் பேருக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர். வாங்கிப் படித்தவர், கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

ஊர்த் தள்ளுபடி வேறு, இது வேறு என்று ஆண்ட்டி மெதுவாகச் சொன்னார். இங்கே கடனை மன்னித்தால், மன்னித்த தொகை நமக்கு வந்த வருமானம். சில விலக்குகள் தவிர அதற்கு வரி உண்டு. தாளின் இன்னொரு நகல் வரி அலுவலகத்துக்கும் போயிருக்கும். நான் அங்கேயே போனில் அப்பாவின் ரிட்டர்ன் இருந்த வரி ஆப்பைத் திறந்து தொகையைத் தட்டினேன். மூலையில் திரும்பக் கிடைக்கும் தொகையாகப் பச்சையில் இருந்த எண், கட்ட வேண்டிய தொகையாகச் சிவப்பாகி வீங்கியது. அப்பா எட்டிப் பார்த்தார்.

"இதக் கட்டுனா மறுபடி தவண நிக்கும். இந்தத் தடவ வீடு போயிரும்," என்றார். பிரியாணி சாப்பிடவில்லை.

நான் சும்மா இருப்பேனா? சொத்தைவிடக் கடன் அதிகமாக இருப்பவர்களுக்கு இந்த வரியிலிருந்து விலக்கு தரும் ஒரு படிவத்தை இணையத்தில் தோண்டி எடுத்து, ரயிலில் போகும்போதே நிரப்பி, பெருமையோடு ஆண்ட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. இந்த மாத வீட்டுக்கடன் ஸ்டேட்மென்டைக் கேட்டார். போனில் எடுத்தேன். முதல் பக்கத்தைத் தாண்டி இரண்டாம் பக்கத்தின் அடிக்குப் போனார்.

"இது என்ன தொகை?"

"தள்ளிவச்சது ஆண்ட்டி."

"அந்த ரத்துத் தாள்ல என்ன தொகை?"

பார்த்தேன். அதே தொகை. அதே சென்ட்.

"புதுக் கம்பெனி இன்னும் உங்ககிட்ட கேட்டுட்டு இருக்கான். அப்போ யாரு என்னத்த ரத்து பண்ணாங்க? தப்பான தாளுக்கு விலக்குப் படிவம் போட்டா, நாமளே அதச் சரின்னு ஒத்துக்கிட்ட மாதிரி."

கடனை விற்றுக் கணக்கை மூடியபோது, பழைய கம்பெனியின் கம்ப்யூட்டர் தள்ளிவைத்ததைத் தள்ளுபடியாக எடுத்துக்கொண்டிருக்கும் என்பது அவர் ஊகம். அம்மாவைப் போலவே. நான் உடனே அம்மாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்போ கடன் போகலையா?"

"போகலம்மா. அப்படியே இருக்கு."

"அது நல்லதா கெட்டதா, அத மட்டும் சொல்லு."

"ரொம்ப நல்லதும்மா."

"கடன் இருக்கது நல்லதுன்னு சொல்லுததுக்கா ஏட்டி உன்னய படிக்க வச்சோம்?"

பழைய கம்பெனிக்கு நான்கு முறை போன் செய்தேன். நான்கு பேரும் திரையில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். ஐந்தாவதாக ஒரு கடிதம் எழுதினேன், காரசாரமாக. ஆண்ட்டி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து திட்டெல்லாவற்றையும் அடித்தார். மிஞ்சியது நான்கு வரி: தொகை ரத்தாகவில்லை, இன்னும் கடனாகவே இருக்கிறது, ஆதாரம் இணைத்திருக்கிறோம், திருத்திய படிவம் அனுப்பவும். தள்ளிவைத்த ஒப்பந்தத்தின் நகல், புதுக் கம்பெனியின் ஸ்டேட்மென்ட், தவறான தாளின் நகல் மூன்றையும் வைத்து, கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் தபாலில் அனுப்பினோம். ரிட்டர்ன் போடக் கடைசித் தேதியான ஏப்ரல் பாதிக்குள் பதில் வராவிட்டால் ரிட்டர்னோடு விளக்கம் எழுதி இதே ஆதாரங்களை வைக்கலாம் என்றார் ஆண்ட்டி. பதில் வரும்வரை அப்பா தினமும் தபால்காரருக்கு முன்னால் வாசலுக்குப் போனார்.

அம்மாவுக்கு வேறு கவலை. சபை முன்னால் சொன்ன சாட்சி பொய்யாகிவிட்டதே. வேண்டாம், யாருக்கும் ஞாபகம் இருக்காது என்று நான் தடுத்தும் கேட்காமல், அடுத்த சாட்சி நேரத்தில் எழுந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"போன தடவ நான் சொன்னது தப்பு. எங்க கடன் போகல. படிவத்தத் தப்பா போட்டுருக்காங்க, நானும் தப்பா படிச்சுட்டேன். மாசாமாசம் கட்டுதோம். கட்டுததுக்கு வேல இருக்கு. அதுக்கு ஸ்தோத்திரம்."

அல்லேலூயா கொஞ்சம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. கூட்டம் முடிந்ததும் ஒரு அங்கிள் என்னைப் பார்க்கிங்குக்குக் கூட்டிப்போய், காரின் முன்பெட்டியிலிருந்து மடித்து வைத்த தாளை எடுத்தார். அதே கம்பெனி, அதே 1099-சி. வெட்கத்தில் மனைவியிடம்கூடக் காட்டவில்லையாம். அவருடைய கடனும் தவணை தள்ளிவைத்து, பிறகு விற்கப்பட்டதுதான். ஆண்ட்டியின் நான்கு வரியை அவர் பெயருக்கு மாற்றி அடித்துக் கொடுத்தேன்.

மார்ச் கடைசியில் எங்களுக்குத் திருத்திய படிவம் வந்தது. மன்னிப்போ விளக்கமோ இல்லை. தொகைக் கட்டத்தில் சைபர், மேலே திருத்தப்பட்டது என்ற கட்டத்தில் ஒரு டிக். அப்பா அதை இரண்டு முறை படித்துவிட்டு, சாப்பாடு என்ன என்று அம்மாவைக் கேட்டார். ஆப்பில் அந்தத் தொகையை அழித்ததும் மூலையில் எண் மறுபடி பச்சையானது. ஆண்ட்டி ஒருமுறை பார்த்துத் தலையாட்டிய பிறகு நேற்று ரிட்டர்னை அனுப்பினேன்.

இப்போது ஆப்பில், வரி அலுவலகத்தின் பதில் வரும் இடத்தில், ‘பெறப்பட்டது’ என்று மட்டும் இருக்கிறது.