"நாங்க எங்கயும் போமாட்டோம்"

சினிமா என்றால் எனக்கு உயிர். திருவனந்தபுரத்தில் டிசம்பர் திரைப்பட விழா தொடங்கினால், ஆபீசுக்கு லீவு போட்டு ஒரு நாளைக்கு நாலு படம் பார்ப்பேன். கூட வரும் சிநேகிதி பிந்துவிடம் எல்லாப் படத்தைப் பற்றியும் பேசுவேன். நான் போனக்காடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் என்று மட்டும் சொன்னதில்லை. வெட்கம்தான், வேறென்ன.

போன வருஷ விழாவில் எங்கள் தோட்டத்தைப் பற்றியே ஓர் ஆவணப்படம் வந்தது. அதில், லயத்தைக் காலி பண்ணச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா இடுப்பில் கைவைத்து, "நாங்க எங்கயும் போமாட்டோம்" என்றார். கீழே ஆங்கிலத்தில், 'எங்களுக்குப் போக இடமில்லை' என்று வரி ஓடியது. அரங்கமே உச்சுக் கொட்டியது.

"ஐயோ, பாவம்" என்றாள் பிந்து.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படம் முடிந்து இயக்குநர் கேள்விகளுக்கு நின்றதும் மைக்கை வாங்கினேன்.

"சாரே, நான் அந்த லயத்துல பிறந்தவளாக்கும். அந்த அம்மா சவால் விடுதாங்க. நீங்க அவங்களைக் கெஞ்ச வச்சிட்டீங்க."

நேரமாகிவிட்டது என்று விழா ஊழியர் ஒருவர் மைக்குக்குக் கை நீட்டினார்.

"அந்த வரியை மாத்துவேன்னு டைரக்டர் சொல்லட்டும், மைக்கைத் தாறேன்" என்றேன்.

இயக்குநர் தலைகுனிந்தார். "சேச்சி தன்னே எழுதித் தருமோ?"

நானே எழுதித் தர வேண்டுமாம்; சரியான வரியை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். பிந்து என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பார்க்கட்டும்.

இரண்டு நாள் கழித்து மறுகாட்சிக்கும் போனேன். 'இங்கிருந்து நாங்கள் நகரமாட்டோம்' என்று வரி மாறியிருந்தது. இந்த முறை யாரும் பரிதாபப்படவில்லை.

சினிமாவை இவ்வளவு நேசிக்கிறவளுக்கு அதோடு சண்டை போடவும் உரிமை உண்டு. அதற்கு முதலில் நான் யார் என்று சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.